கட்டியவன் எழுதவில்லை

சென்னையிலிருந்து புதுச்சேரிக்கு ஈசிஆரில் போகிறவர்கள் மரக்காணத்தில் காரை நிறுத்துவது பெரும்பாலும் உப்பளத்தைப் போட்டோ எடுக்கத்தான். கண்ணாடி மாதிரித் தண்ணீர், அதில் தலைகீழாக வானம், வரப்பில் வெள்ளைக் குவியல், தலையில் கூடையுடன் ஒரு பெண். நானும் எடுத்திருக்கிறேன். கிழக்கே இன்னும் கொஞ்சம் போனால் கடல் இருக்கிறது என்பது பலருக்கு ஞாபகமே வராது.

சென்ற முறை கடற்கரை வரை நடந்தேன். அங்குள்ள பல குப்பங்களில் ஒன்று. நீலமும் பச்சையுமாக ஃபைபர் படகுகள் வரிசையாக நின்றன. சற்றுத் தள்ளி, சவுக்கு மரங்களின் ஓரமாக, மணலில் பாதி புதைந்து மூன்று கட்டைகள் கிடந்தன. வெளுத்துப்போய், வெடிப்பு விட்டு, முனை மட்டும் மூக்கு மாதிரி மேலே தூக்கிக்கொண்டு.

"இந்த விறகை யாரும் எடுத்துக்கிட்டுப் போகலையா?" என்று பக்கத்தில் வலையைப் பிரித்துச் சரிபார்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம் கேட்டுத் தொலைத்தேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அது வெறகு இல்ல சார். மரம்."

கட்டுமரத்தை அவர்கள் முழுப்பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மரம், அவ்வளவுதான். உங்களுக்கும் எனக்கும் புரிவதற்காகத்தான் 'கட்டு' சேர்க்கிறார்கள்.

எனக்கு எழுதுகிறவன் புத்தி. உடனே நோட்டை எடுத்துவிட்டேன். நீளம் என்ன, எத்தனை கட்டை, கயிறு எங்கே ஆரம்பித்து எங்கே முடியும் என்று கேள்விகளை அடுக்கினேன். நீளத்துக்குக் கையை விரித்துக் காட்டினார். அகலத்துக்கு முழம் போட்டார். கயிற்றுக்கு வந்தபோது விரல்கள் காற்றில் இரண்டு சுற்றுச் சுற்றி நின்றுவிட்டன.

"கண்ண மூடிக்கினு கட்டிடுவேன் சார். சொல்லுன்னா வரமாட்டேங்குது."

"சரிங்க ஐயா, கட்டியே காட்டுங்களேன்."

"ஒரு ஆளால ஆவாது. இந்தாண்ட ஒருத்தன் இழுக்கணும், அந்தாண்ட ஒருத்தன் இழுக்கணும். எனக்கு அந்தாண்ட இழுக்கிற ஆளு போய்ச் சேந்து நாலு வருசம் ஆவுது."

நோட்டில் தேறியது நாலு வரி. இதையெல்லாம் யாராவது எழுதி வைத்திருப்பார்கள், நாமும் வீட்டில் சின்னதாக ஒன்று கட்டிப் பார்க்கலாம் என்ற நம்பிக்கையில் திரும்பி வந்து புத்தகங்களைத் தேடினேன். கிடைத்தவற்றையும் கிடைக்காதவற்றையும் பற்றியதுதான் இந்த வார விமர்சனம்.

*

கிடைத்ததில் மிகப் பழையது, கி.பி. முதல் நூற்றாண்டில் பெயர் தெரியாத ஒருவர் கிரேக்க மொழியில் எழுதிய 'எரித்ரேயக் கடலின் பெரிப்ளூஸ்'. வியாபாரிகளுக்கான வழிகாட்டி. நம் கிழக்குக் கரைக்கு வரும்போது மூன்று துறைகளைச் சொல்கிறார்: கமரா, பொதுகே, சோபட்மா. கமரா காவிரிப்பூம்பட்டினம், பொதுகே புதுச்சேரிப் பக்கத்து அரிக்கமேடு, சோபட்மா நம் மரக்காணம் என்பது ஆராய்ச்சியாளர்கள் பலருடைய கருத்து. சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினமும் இந்த ஊர்தான் என்கிறார்கள்.

விசேஷம் அடுத்து வருகிறது. சோபட்மாவைச் சொன்ன கையோடு, ஒற்றை மரங்களைச் சேர்த்துக் கட்டிய பெரிய கலங்கள் இந்தத் துறைகளில் உண்டு, பெயர் 'சங்கரா' என்கிறார். அது கட்டுமரத்தின் பெரியண்ணனா, இரட்டைத் தோணியா என்று அறிஞர்களிடையே விவாதம் உண்டு. அது நமக்கு வேண்டாம். மரத்தைச் சேர்த்துக் கட்டுவது இந்தக் கரையின் பழக்கம் என்பதை ஒருத்தர் குறித்துக்கொண்டு போயிருக்கிறார். அவர் கிரேக்க மொழிக்காரர் என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதை திரும்பத் திரும்ப இப்படித்தான் நடக்கப் போகிறது.

*

இந்த இடத்தில் உங்கள் வாட்ஸ்அப்பில் அடிக்கடி வரும் ஒரு செய்தியைப் பற்றிப் பேசியாக வேண்டும். 'கட்டமரன் என்ற ஆங்கிலச் சொல் தமிழன் தந்தது. உலகம் முழுவதும் ஓடும் இரட்டைப் படகு தமிழனின் கண்டுபிடிப்பு. பகிருங்கள்.'

முதல் வாக்கியம் சரி. வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலேயர், பாதி ஆராய்ச்சியாளர், பாதி கடற்கொள்ளைக்காரர், 1697-ல் வெளியிட்ட பயண நூலில் சோழமண்டலக் கரைக் கட்டுமரத்தைப் பெயர் சொல்லி விவரித்தார். அதன்பின் அந்தச் சொல்லுக்கு வந்த வாழ்வைப் பாருங்கள். 1804-ல் பூலோன் துறைமுகத்தில் நின்ற பிரெஞ்சுக் கப்பல்களைத் தகர்க்க ஆங்கிலேயர்கள் மிதக்கும் வெடிப்பெட்டிகளை அனுப்பினார்கள். அதற்கும் கட்டமரன் என்றுதான் பெயர். ஆங்கில அகராதிகளில் அதே சொல்லுக்குச் சண்டைக்காரப் பெண்மணி என்றும் ஒரு பழைய அர்த்தம் உண்டு. எப்படி வந்தது என்று கேட்காதீர்கள்.

இரண்டாவது வாக்கியம் தப்பு. நம் கட்டுமரத்தில் கட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். இன்று உலகம் கட்டமரன் என்று சொல்வது நடுவில் இடைவெளி விட்டு இணைத்த இரண்டு தனித்தனி உடல்களை. அது பசிபிக் தீவுக்காரர்களின் பழைய மரபு. அமெரிக்காவில் நத்தானியல் ஹெரஷாஃப் 1876-ல் அப்படி 'அமரில்லிஸ்' என்ற பாய்ப்படகைக் கட்டி நியூயார்க் பந்தயத்தில் விட்டார். மற்ற படகுகளை அது முந்திய வேகத்தைப் பார்த்து, இந்த ரகமே இனிமேல் எங்கள் பந்தயத்துக்கு வேண்டாம் என்று விலக்கினார்கள். அந்த ரகத்துக்குத்தான் நம் பெயர் ஒட்டிக்கொண்டது. கடல் கடந்து போனது சொல். மரம் மரக்காணத்து மணலிலேயே கிடக்கிறது.

நான் தமிழனின் பெருமையைக் குறைப்பதாகக் கோபித்துக்கொள்ள வேண்டாம். கோபம் எனக்கும் இருக்கிறது. சொல்லுக்காக இவ்வளவு சண்டை போடுகிற நாம், அந்தப் பொருளை எப்படிச் செய்வது என்று தமிழில் ஒரு சின்னப் புத்தகம்கூடப் போடவில்லை. தேடிய வரையில் என் கண்ணில் படவில்லை. இருந்தால் யாராவது அனுப்புங்கள், நமஸ்கரித்து வாங்கிக்கொள்கிறேன்.

*

அப்படி எழுதுவதற்கு இதில் என்ன இருக்கிறது, நாலு கட்டையைச் சேர்த்துக் கட்டினால் ஆச்சு என்று நினைக்கிறீர்களா? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பேரனுடன் உட்கார்ந்து முருங்கைக் கிளையில் ஒன்று செய்து பார்த்தேன். முருங்கை இலேசான மரம், மெத்து. மூன்று துண்டு நறுக்கி, முனை சீவி, நைலான் கயிற்றால் கட்டி, பாத்ரூம் தொட்டியில் விட்டோம். மிதந்தது. மேலே ஒரு பொம்மையை உட்கார வைத்ததும் புரண்டது. நடுக்கட்டையைச் சற்றுத் தாழ்த்திக் கட்டியதும் நின்றது. பத்து நிமிஷத்தில் நைலான் வழுக்கிக் கட்டு நெகிழ்ந்தது. தேங்காய் நார்க் கயிற்றுக்கு மாறினோம். அது மரத்தைக் கடித்துப் பிடித்தது. ஒரு ராத்திரி தண்ணீரில் விட்டதில் காலையில் மரம் பாதி முங்கியிருந்தது. பேரன், "செத்துப் போச்சு தாத்தா" என்றான். சாகவில்லை, தண்ணீர் குடித்திருக்கிறது. அவிழ்த்து வெயிலில் போட்டேன். சாயங்காலம் பழையபடி மிதந்தது.

ஒரு நாளில் பாத்ரூமில் நான் கற்ற பாடங்கள்தான் கட்டுமரத்தின் மொத்தப் பொறியியலும். நடுக்கட்டை நீளமாக, தாழ்வாக. பக்கக் கட்டைகள் சற்று உயரமாக. கட்டைகளின் முனை அலையைக் குத்தாமல் ஏறுகிற மாதிரி சீவியிருக்கும். முன்னும் பின்னும் குறுக்கே கட்டை வைத்து நார்க் கயிற்றால் இறுக்குவார்கள். ஆணி கிடையாது. தண்ணீர் மேலே ஏறும், இடுக்கு வழியாக இறங்கிவிடும். இறைத்து ஊற்ற வேண்டியதில்லை. உடம்பே இடுக்காக இருக்கிற படகில் புதிதாக எங்கே ஓட்டை விழுவது?

ஏன் இப்படி என்றால், காரணம் கரையில் இருக்கிறது. நம் கிழக்குக் கரை நேர்கோடு மாதிரி. ஒதுங்க இயற்கைத் துறைமுகம் அபூர்வம். அலை கரைக்குச் சற்று முன்னால் உடையும். விறைப்பாகப் பலகை வைத்து ஆணி அடித்த படகு அங்கே தரை தட்டினால் சிதறிவிடும். கட்டிய மரம் நெளிந்து கொடுக்கும். சென்னையில் துறைமுகம் வருவதற்கு முன்னால் தூரத்தில் நங்கூரமிட்ட கப்பல்களுக்கு அலையைத் தாண்டிக் கடிதம் கொண்டுபோனவர்கள் கட்டுமரக்காரர்கள்தான். கடிதம் நனையாமல் இருக்க ஓலைத் தொப்பிக்குள் வைத்துக்கொண்டு போவார்களாம். அன்றைய கூரியர் சர்வீஸ்.

கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரத்தைக் காயப் போடுவார்கள். காய்ந்தால் இலேசாகும். மரத்தைத் துளைக்கும் கடல் புழுக்களுக்கும் ஈரம் இல்லாமல் பிழைப்பு நடக்காது. இந்த ஊரில் உப்பும் காய வேண்டும், மரமும் காய வேண்டும். மரக்காணத்து வெயிலுக்கு இரட்டை வேலை.

பாய் விரித்தால் இன்னொரு சிக்கல். பக்கக் காற்று மரத்தைப் பக்கவாட்டில் தள்ளும். அதற்கு ஒரு பலகையைச் செங்குத்தாகத் தண்ணீருக்குள் இறக்கினால் மரம் நழுவாமல் முன்னே போகும். இன்று பந்தயப் பாய்ப்படகுகளின் நடுவில் இறக்குகிற பலகை செய்வதும் இதே வேலைதான்.

கயிறு மரத்தைக் கடிக்கிற விஷயத்துக்குச் சாட்சி வேண்டுமானால், 1947-ல் நார்வேக்காரர் தோர் ஹெயர்டால் ஒன்பது பால்சா மரக்கட்டைகளைக் கயிற்றால் கட்டி 'கான்-டிக்கி' என்று பெயர் வைத்து, பெருவிலிருந்து பசிபிக்கில் 101 நாள் மிதந்துபோய்ப் பாலினேசியாவில் கரை தட்டினார். கட்டை நீர் குடித்து முங்கும், கயிறு உராய்ந்து அறும் என்று ஆரூடம் சொன்னவர்கள் பலர். இரண்டும் நடக்கவில்லை. மெத்தென்ற மரத்தில் கயிறு புதைந்து தன்னைக் காப்பாற்றிக்கொண்டது. ஹெயர்டால் அதை எழுதினார், உலகமே படித்தது. நம் பெரியவருக்கு இது பரம்பரையாகத் தெரியும். அவரைப் படிக்க எங்கே போவது?

*

எழுதியவர்களுக்கு வருகிறேன்.

ஜான் எடை என்பவர் திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் தலைமைக் கப்பல் தச்சர். சோழமண்டலம், மலபார், இலங்கைக் கரைப் படகுகளைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை 1834-ல் லண்டன் ராயல் ஏசியாடிக் சொசைட்டியின் இதழில் வந்தது. கட்டுமரம் 20 முதல் 25 அடி நீளம், இரண்டரை முதல் மூன்றரை அடி அகலம் என்று அளவு தருகிறார், வரைபடத்துடன். தச்சர் இல்லையா, வளவளப்பு கிடையாது.

அடுத்தவர் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி பாரிஸ். ஊர் அல்ல, ஆள் பெயர். உலகம் சுற்றும் கப்பலில் நம் கரைக்கும் வந்தவர். ஐரோப்பியர் அல்லாத மக்களின் படகுகளை வரைந்து 1840-களின் தொடக்கத்தில் ஒரு பெரிய நூலாக வெளியிட்டார். ஒவ்வொரு படகையும் பக்கவாட்டில், மேலிருந்து, குறுக்கே வெட்டி என்று பொறுமையாக வரைந்திருக்கிறார். அந்தப் படங்களை வைத்துக்கொண்டு இன்றைக்கும் ஒரு தச்சர் வேலையை ஆரம்பிக்கலாம்.

மூன்றாமவர் ஜேம்ஸ் ஹார்னல். சென்னை மாகாண மீன்துறையின் இயக்குநராக இருந்தவர். 1920-ல் வங்காள ஏசியாடிக் சொசைட்டி வெளியிட்ட இவருடைய இந்தியப் படகுகள் பற்றிய ஆய்வு இன்றைக்கும் இந்தத் துறையின் பாடப்புத்தகம். பின்னாளில் உலகப் படகுகள் அனைத்தையும் சேர்த்து 1946-ல் ஒரு பெரிய நூல் எழுதினார். சோழமண்டலக் கட்டுமரம் வேறு, தெற்கத்திக் கட்டுமரம் வேறு, ஆந்திரத்தில் வேறு என்று பிரித்துக் காட்டிய கூர்மைக்கு ஒரு சபாஷ்.

ஆனால் ஹார்னலைப் பற்றி எனக்கு ஒரு புகார் உண்டு. அவருடைய தலைப்பிலேயே இருக்கிறது, படகுகளின் 'இனவியல் முக்கியத்துவம்'. படகைப் பார்த்ததும் அவருக்கு வருகிற கேள்வி, இந்த மக்கள் எங்கிருந்து வந்தார்கள், பாலினேசியத் தொடர்பா, மலாய்த் தொடர்பா என்பது. கட்டுகிறவனின் மண்டையோட்டைத் தாண்டி அவன் கைக்கு வருவதற்குள் பக்கம் முடிந்துவிடுகிறது. எந்த முடிச்சு முதலில், எதற்கு அது முதலில் என்று அவனைக் கேட்டிருக்கலாம். கேட்கிற தூரத்தில் அவர் இருந்தார். அவனைத் தகவலாகப் பார்த்தார், ஆசிரியராகப் பார்க்கவில்லை.

ஹார்னலையாவது திட்ட முடிகிறது, அவர் எழுதியிருக்கிறார். நம்மவர்களைத் திட்டக்கூட முடியவில்லை.

'கப்பல் சாத்திரம்' என்று ஒரு சுவடி இருக்கிறது. சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகம் 1950-ல் அச்சிட்டது. பெயரிலேயே தெரிகிறதே, கப்பலுக்குச் சாத்திரம் உண்டு. மீன்பிடிக்கிறவனின் மரத்துக்கு யார் ஓலை எடுத்தார்கள்? சரித்திரக் கதைகளில் கடல் நிறைய உண்டு. சாண்டில்யனின் 'கடல் புறா'வில் கப்பலே கதாநாயகி. கல்கியின் பூங்குழலியுடன் கோடிக்கரையிலிருந்து படகேறாத தமிழ் வாசகர் உண்டா? அந்தப் படகு என்ன மரம், எத்தனை அடி, யார் செய்தது? யாருக்காவது ஞாபகம் இருந்தால் சொல்லுங்கள். நமக்குப் படகு என்றால் நிலவொளி.

விதிவிலக்குகளைச் சொல்லாவிட்டால் பாவம். வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' (1977) நாவலில் ஒரு வல்லத்தை விற்பதா வேண்டாமா என்பதே ஒரு குடும்பத்தின் உயிர்ப் பிரச்னை. ஜோ டி குருஸின் 'ஆழி சூழ் உலகு' (2004) கட்டுமர மீனவர்களின் மூன்று தலைமுறைக் கதை. கடலுக்குப் போகிறவர்களுக்குள்ளிருந்து ஒருவர் எழுதினால் மொழி எப்படி உப்பேறும் என்று காட்டிய புத்தகம். ஆனால் இவை நாவல்கள். மனுஷர்களைக் கட்டுவது அவற்றின் வேலை. மரத்தைக் கட்டச் சொல்லித்தர வேண்டியது வேறு புத்தகம். அந்த அலமாரிதான் காலி.

காரணம் சிக்கலானதல்ல. கட்டியவன் எழுதவில்லை, எழுதியவன் கட்டவில்லை. இருவரும் ஒரே ஊரில் இரண்டு தெருவில் இருந்தார்கள். ஒரு தெருக்காரர் இன்னொரு தெருவுக்குப் போய் உட்காருகிற பழக்கம் நம் சமூகத்தில் இல்லை. அதற்கு என்ன பெயர் என்று உங்களுக்குத் தெரியும்.

*

இன்னொரு நாட்டில் என்ன நடந்தது தெரியுமா? 1963-ல் இங்கிலாந்தில் டெய்லி மிரர் என்ற பத்திரிகை, நம் வாரப் பத்திரிகைகள் மாதிரி சாதாரண ஜனங்கள் படிப்பது, வாசகர்களே வீட்டில் கட்டிக்கொள்ளும் ஒரு பாய்ப்படகை அறிமுகப்படுத்தியது. பதினோரு அடிக்கு இரண்டு அங்குலம் குறைவு. டிவியில் வீட்டுத் தச்சு வேலை சொல்லிக்கொடுத்து வந்த பாரி பக்னலும் படகு வடிவமைப்பாளர் ஜாக் ஹோல்ட்டும் சேர்ந்து உருவாக்கியது. விலை 63 பவுன் 11 ஷில்லிங். பாய் சிவப்பு, பத்திரிகையின் நிறம். விளம்பரம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஏறக்குறைய 70,000 படகுகள் உருவாயின. பஸ் டிரைவரும் பள்ளிக்கூட வாத்தியாரும் வாடகை வீட்டு முன்னறையில் படகு கட்டினார்கள். கட்டி முடித்தபின் கதவு வழியாக வெளியே எடுக்க முடியாமல் விழித்தவர்களும் இருந்திருப்பார்கள்.

முறை எளிது. ப்ளைவுட்டை அளவுப்படி வெட்டிக்கொள்ள வேண்டியது. ஓரங்களில் துளை போட்டுச் செம்புக் கம்பியால் துணி தைக்கிற மாதிரி தைக்க வேண்டியது. தையலின் மேல் கண்ணாடி நாரும் பிசினும் வைத்துப் பூச வேண்டியது. காய்ந்ததும் படகு.

படகைத் தைப்பதா? சென்னைக் கரையின் மசூலாப் படகு பலகைகளைக் கயிற்றால் தைத்ததுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். ஆமாம். உடனே 'நம்மிடமிருந்து திருடினார்கள்' என்று ஃபார்வர்டு செய்துவிடாதீர்கள். அவர்கள் திருடவில்லை. படம் போட்டு, அளவு கொடுத்து, ஒவ்வொரு படியையும் எண் போட்டு எழுதினார்கள். வித்தியாசம் அங்கேதான்.

அந்த மாதிரி நம் கரையிலும் ஒரு முயற்சி நடந்தது. கன்னியாகுமரி மாவட்டத்தில் முட்டம் என்றால் உங்களுக்குப் பாரதிராஜா படம் ஞாபகம் வரும். அந்தப் பகுதியில் 1980-களின் தொடக்கத்தில் கட்டுமர மீனவர்களுக்காக ப்ளைவுட் படகுகள் கட்ட ஆரம்பித்தார்கள். கட்டுமரத்துக்கு ஏற்ற கட்டைகள் கிடைப்பது அரிதாகி, விலை ஏறிக்கொண்டிருந்த காலம். பியர் ஜில்லே என்பவர் அந்த அனுபவத்தை 1985-ல் ஆங்கிலத்தில் ஒரு சின்னப் புத்தகமாக எழுதினார். 'சின்னதே அழகு' என்று ஷூமாக்கரின் புகழ்பெற்ற புத்தகம் உண்டல்லவா, அதைக் கிண்டல் செய்கிற மாதிரி இவர் வைத்த தலைப்பு: 'சின்னதுதான் கஷ்டம்'.

நான் தேடிப் பார்த்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்த புத்தகம் இது. காரணம், தோல்வியையும் எழுதியிருக்கிறார். துணைத் தலைப்பிலேயே வெற்றிக்கு முன்னால் வேதனை வருகிறது. அலையைப் படித்தவன் மீனவன், கணக்கைப் படித்தவன் எஞ்சினியர், இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்துக்கொண்டால்தான் படகு மிதக்கும் என்ற பாடம் இதில் கிடைக்கிறது. தமிழ்நாட்டுக் கரையில் நடந்த கதை. தமிழில் வந்திருந்தால் எத்தனை பேருக்குப் பயன்பட்டிருக்கும்.

*

சரி, இப்போது எதற்கு இந்தப் புலம்பல்? மீனவர்களைத் திரும்பவும் பாய் விரித்துக் கட்டுமரத்தில் போகச் சொல்கிறேனா? இல்லவே இல்லை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக ஃபைபர் படகுகள் வந்து குவிந்தன, பல இடங்களில் தேவைக்கு மேலேயே. கட்டுமரங்கள் வேகமாக விடைபெற்றன. எஞ்ஜின் வந்ததில் உடம்பு வலி குறைந்தது, அவசரத்தில் சீக்கிரம் கரை திரும்ப முடிகிறது. ராத்திரி முழுக்க இடுப்பு வரை நனைந்துகொண்டு உட்கார்ந்திருப்பதில் கவிதை எதுவும் இல்லை. அதில் கவிதை பார்ப்பவர்கள் கரையில் இருப்பவர்கள்.

ஆனால் தொழில் போனால் வித்தையும் போக வேண்டும் என்று சட்டம் இருக்கிறதா? குதிரை வண்டி போன பிறகும் குதிரையேற்றம் இருக்கிறது. பாய்ப்படகு நம் ஊருக்கு அந்நியமும் இல்லை. சென்னையில் ராயல் மெட்ராஸ் யாட் கிளப் 1911-லிருந்து இருக்கிறது. சென்னைப் பெண் நேத்ரா குமணன் 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் பாய்ப்படகுப் போட்டியில் கலந்துகொண்டார், இந்தியாவிலிருந்து அதற்குத் தகுதி பெற்ற முதல் பெண். மரக்காணத்துக்குப் பக்கத்து ஊரான புதுச்சேரியின் ரூபா, கடற்படை அதிகாரி, கேரளத்தின் தில்னாவுடன் 'தாரிணி' என்ற பாய்க்கப்பலில் 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து கிளம்பி உலகைச் சுற்றி 2025 மே மாதம் திரும்பினார். இரண்டே பெண்கள்.

இதையெல்லாம் கைதட்டிப் படித்துவிட்டு, நம் பையனிடம் 'தண்ணி பக்கம் போகாதே' என்போம். கரையிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குள் வாழ்கிற நம்மில் எத்தனை பேருக்கு நீச்சல் தெரியும்? நீச்சலிலிருந்து ஆரம்பிக்கலாம். அப்புறம் மேற்பார்வையோடு, லைஃப் ஜாக்கெட்டோடு, அமைதியான தண்ணீரில் ஒரு எட்டடிப் படகு. அதற்காக மரக்காணம் பக்கத்துக் கழுவேலி ஏரிக்குப் போய்விடாதீர்கள். 2021-லிருந்து அது பறவைகள் சரணாலயம்.

எனக்கு வேண்டியது பெரிய திட்டம் எதுவும் இல்லை. மியூசியம் வேண்டாம், சிலை வேண்டாம், 'கட்டுமர விழா' கண்டிப்பாக வேண்டாம். தமிழில் அறுபத்து நாலு பக்கத்தில் ஒரு புத்தகம். என்ன மரம், எத்தனை அடி, முனை எப்படிச் சீவுவது, கயிறு எத்தனை சுற்று, எந்தப் பக்கம் முடிச்சு, எப்போது அவிழ்ப்பது. பக்கத்துக்கு ஒரு படம். அட்டையில் ஆசிரியர் பெயராகப் பேராசிரியர் பெயர் வரக்கூடாது, கட்டத் தெரிந்தவர் பெயர்தான் வர வேண்டும். அவருக்கு எழுத வராதென்றால் நாம் எழுத்தர். நம் தகுதிக்கு அது போதும்.

அவசரம் என்னவென்றால், கட்டத் தெரிந்த கைகளுக்கு வயசாகிறது. மரக்காணத்துப் பெரியவர் சொன்னதை மறுபடி யோசித்தேன். எனக்கு மறந்துபோச்சு என்று அவர் சொல்லவில்லை. கயிற்றின் மறுமுனையில் ஆள் இல்லை என்றுதான் சொன்னார். நோட்டை எடுத்து நீட்டிய நான், அதைக் கீழே வைத்துவிட்டுக் கயிற்றைப் பிடித்திருக்கலாம். தோன்றவே இல்லை. படித்தவன் புத்தி.

அடுத்த வாரம் மறுபடி போகிறேன். நார்க் கயிறு வாங்கி வைத்திருக்கிறேன். அந்தாண்ட நின்று இழுக்க எனக்கு இன்னும் கொஞ்சம் தெம்பு இருக்கிறது. மூச்சு வாங்கினால் பேரன் பிடித்துக்கொள்வான்.